ஆட்டிசமுள்ள குழந்தைக்கு ஏற்ற பள்ளி

நூலும் கடனும் வழங்குவதோடு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. அங்கத்தினர் குடும்பங்களின் நலனும் அதனுள் அடங்கும். பொட்டிபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் பெற்றோர் இருவரும் விடியுமுன் ஜீப் ஏறி, முந்தலைக் கடந்து, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய வீட்டில் ஆட்டிசமுள்ள குழந்தை இருந்து, அதற்குத் தக்க பள்ளியும் அமையாவிடில், குழந்தை நாள் முழுதும் அடைபட்டுக் கிடக்க நேரும். அல்லது தாயின் கூலி நிற்கும். ஆகவே இவ்விஷயம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

நிலையின் இயல்பு

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமையும் ஒரு வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனைத் தனி நிலையாக விவரித்தார். அரசாங்க ஏடுகளில் இது 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' எனப்படுகிறது. பெயரைக் கொண்டு, குழந்தைக்கு வெளியுலகமே தெரியாது என்று எண்ணிவிடலாகாது. உண்மையில் ஓசையும் வெளிச்சமும் கூட்டமும் சில குழந்தைகளுக்குப் பிறரைவிட மிகுதியாகவே உறைக்கின்றன. பழகிய ஒழுங்கு மாறினால் அவை கலங்குகின்றன. இது தோஷமுமன்று, தாயின் வளர்ப்புக் குறையுமன்று.

ஒரு குழந்தை சரளமாகப் படிக்கும். ஆனால் பிற பிள்ளைகளோடு விளையாட அறியாது. மற்றொன்று ஒரு சொல்லும் பேசாது. ஆனால் படத்தைக் காட்டித் தன் தேவையைத் தெரிவிக்கும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பள்ளி என்று விதி செய்ய இயலாது. ஏலச் செடி முழு வெயிலில் கருகும். அடர்ந்த நிழலிலோ காய்ப்புக் குன்றும். கிளைகளை அளவறிந்து கழித்து நிழலைச் சீராக்குவதே சாகுபடியாளரின் திறமை. இக்குழந்தைகளின் கல்வியிலும் அளவறிதலே முக்கியம்.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. அரசாங்கத்தின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவச் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறிக்கப்பட்டிருப்பின், 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமையுண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு ஆகியவற்றுக்கும் சட்டம் இடமளிக்கிறது. சான்றிதழ் பெறும் முறையைத் தேனியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம். அது கைக்கு வரும்வரை பள்ளிச் சேர்க்கையை ஒத்திப்போட வேண்டியதில்லை.

மூன்று வழிகள்

முதலாவது, ஊரிலுள்ள சாதாரணப் பள்ளி. வட்டார வள மையத்தைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர் இங்கு துணை செய்வார். பிற பிள்ளைகளைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு இதன் பெரும் பயன். ஆனால் ஒருவரே பல பள்ளிகளுக்குச் சென்றுவருவதுண்டு. எனவே எந்தெந்த நாளில் வருகிறார் என்று கேட்டறிக.

இரண்டாவது, சிறப்புப் பள்ளி. பேச்சு, உணவு, உடை, கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றில் மிகுந்த உதவி வேண்டும் குழந்தைக்கு இது ஏற்றதாகலாம். அந்நிறுவனம் அரசாங்கப் பதிவு பெற்றதா, ஆசிரியர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்களா என்று பார்த்தல் அவசியம்.

மூன்றாவது, வீட்டிலிருந்தே கல்வி. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இவ்வுரிமையை 2012ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத் திருத்தம் வழங்கியது. பள்ளி சேர்க்க மறுத்ததற்கு ஈடாக இதனை ஏற்றுக்கொள்ளலாகாது.

பொதுவாக முதல் வழியைத் துணையோடு முயன்று பார்த்து, அது போதாதபோது அடுத்ததை நாடுவது நலம்.

நேரில் பார்க்க வேண்டியவை

பள்ளி நடக்கும் நேரத்தில் ஒருமுறை சென்று பாருங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? இரைச்சல் மிகும்போது ஒதுங்கியிருக்க அமைதியான இடம் உண்டா? பேசாத குழந்தை தாகத்தையும் வலியையும் தெரிவிக்க என்ன ஏற்பாடு? குழந்தை கலங்கும்போது ஆசிரியர் அடிக்கிறாரா, காரணத்தை ஆராய்கிறாரா? நாளடைவில் இன்னது கற்பிப்போம் என்று எழுத்தில் தருவார்களா? கட்டடமும் சீருடையும் இவற்றுக்குப் பின்பே.

தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்புமுன் நன்கு யோசியுங்கள். தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல இயலாத குழந்தையை வாரந்தோறும் சென்று காண முடியாத இடத்தில் விடுவது ஆபத்து. தேர்ந்தெடுத்த ஏற்பாட்டையும் ஆண்டுக்கொருமுறை மறுபடி ஆராய்தல் வேண்டும்; ஐந்து வயதில் பொருந்தியது பத்து வயதில் பொருந்தாமற் போகலாம்.

கூட்டாகச் செய்யக்கூடியவை

ஒருவர் தனியே கேட்டுக் கிடைக்காதது, பலர் சேர்ந்து கேட்டால் கிடைப்பதுண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சிறப்புப் பயிற்றுநரின் வருகை நாட்களைப் பற்றி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். பயிற்சிக்காக நகரம் செல்ல வேண்டிய இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வண்டியைப் பேசிக்கொண்டால் செலவும் கூலி இழப்பும் குறையும். தாய்மார் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளுடன் செல்லலாம். அண்டை வீட்டில் இத்தகைய குழந்தை இருந்தால், அதன் பெற்றோரை இம்முயற்சியில் சேர்த்துக்கொள்வது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.