அருவிக்கரையில் காவலர், சர்வருக்கும் ஒரு காவல்



சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து குளித்துச் சென்ற உங்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானதே. பேரருவியின் அடியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால், காவலர்கள் குளிப்பவர்களை எல்லாம் வெளியேற்றிவிடுவார்கள். மலைமேல் எவ்வளவு மழை பெய்தது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ளக் கம்பிகள் உண்டு. ஆனால் கம்பி மட்டும் போதாது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆளும் வேண்டும்.

கணிப்பொறிக்கும் இதுதான் நியதி. ஒரு மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ இணையத்தில் தன் பக்கத்தை வைக்கும் நாளிலேயே உலகத்துக்கு ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அந்தக் கதவை எப்படி அமைப்பது, அதற்கு எப்படிக் காவல் வைப்பது என்பதை இந்த இதழில் எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

எழுபது நாட்கள்

இது யாருக்கோ நேரும் காரியம் என்று எண்ண வேண்டாம். ஜெனீவாவில் உள்ள செஞ்சிலுவைச் சங்க சர்வதேசக் குழு, 2022 ஜனவரி 18 அன்று தன் சர்வர்களில் அந்நியர் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தது. போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன குடும்பத்தாரைத் தேடி ஒன்றுசேர்க்கும் பணிக்காக, குறைந்தது 60 நாட்டுச் சங்கங்கள் திரட்டிய விவரங்கள் அங்கே இருந்தன. 5,15,000க்கும் மேற்பட்ட மக்களின் விவரங்கள் அவை. அந்தப் பணியின் மூலம் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 12 பேர் தங்கள் குடும்பத்தோடு சேர்ந்து வந்தார்கள். தாக்குதலால் அந்தக் கணிப்பொறிகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

புகுந்தவர்கள் 2021 நவம்பர் 9 அன்றே உள்ளே வந்துவிட்டார்கள். எழுபது நாட்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் நுழைந்த ஓட்டை, ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ஒரு மென்பொருளில் இருந்தது. அதை விற்பது சோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு. இதே சோஹோவுக்குத் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் உண்டு. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அந்நிறுவனம் 2021 செப்டம்பரிலேயே வெளியிட்டிருந்தது. அது உரிய நேரத்தில் பொருத்தப்படவில்லை என்பதைச் செஞ்சிலுவைக் குழு மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னது. கடைசியில் ஊடுருவலைக் காட்டிக்கொடுத்ததும், புதிதாக நிறுவிய கண்காணிப்பு மென்பொருளே.

கதவை அமைத்தல்

சர்வருக்கு லினக்ஸ் ஏற்றது. 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதன் மேல் இணையப் பக்கங்களை வழங்க, 1995ல் வந்த அப்பாச்சி அல்லது 2004ல் வெளியான எஞ்சின்எக்ஸ் போதும். இவையும் இலவசமே. ஆனால் நிறுவுவதோடு வேலை முடிந்துவிடாது.

முதலாவது, தேவையற்ற எதையும் அதில் ஓடவிடக் கூடாது. வெளியாருக்குத் திறந்திருக்க வேண்டியவை 80, 443 என்ற இரண்டு வாசல்களே. நிர்வாகி நுழையும் 22ஆம் வாசலை நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் திறக்கச் செய்து, மற்ற அனைத்தையும் தீச்சுவர் என்னும் ஃபயர்வாலால் அடைத்துவிட வேண்டும். நிர்வாகி கடவுச்சொல்லால் நுழையாமல், மறைகுறிச் சாவியால் நுழைவது நல்லது. சொல்லை ஊகிக்கலாம், சாவியை ஊகிப்பது நடவாத காரியம்.

இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்து சேரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். மேலே சொன்ன எழுபது நாட்களின் பாடம் இதுவே.

மூன்றாவது, இணையப் பக்கம் இருக்கும் கணிப்பொறியும் நோயாளிகளின் பதிவுகள் இருக்கும் கணிப்பொறியும் ஒரே வலையில் இருக்கலாகாது. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டபோது, ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. புறநோயாளிகள் பதிவு முதலான வேலைகளைக் கையால் எழுதியே செய்ய நேரிட்டது. வலைகளைச் சரியாகப் பிரித்து வைக்காததே தாக்குதலுக்கு இடம் கொடுத்தது என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. தாக்கப்படாத ஒரு சர்வரில் நகல் இருந்ததால் தகவல்கள் மீண்டன.

காவல் வைத்தல்

ஃபயர்வால் என்பது அருவிக்கரைக் கம்பி. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருளே காவலர். 80, 443 வாசல்கள் எல்லாருக்கும் திறந்தவை என்பதால், நல்லவரோடு கெட்டவரும் அவ்வழியே வருவார். வருகிறவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவே இந்தக் காவல்.

1998ல் மார்ட்டின் ரோஷ் என்பவர் எழுதிய ஸ்னார்ட் இவ்வகையில் முன்னோடி. பின்னர் வந்த சூரிகாட்டாவும் இன்று பரவலாகப் பயன்படுகிறது. இரண்டும் லினக்ஸில் ஓடுபவை, இலவசமானவை. இரண்டு வலை அட்டைகள் உள்ள தனிக் கணிப்பொறி ஒன்றை இதற்கென ஒதுக்குவது வழக்கம். ஸ்விட்ச்சின் ஒரு துளையில், போகிற வருகிற எல்லாத் தகவலின் நகலும் விழும்படி அமைத்து, அதை ஓர் அட்டையில் இணைக்க வேண்டும். அந்த அட்டைக்கு முகவரி கொடுக்கத் தேவையில்லை. அது கேட்கும், பேசாது. இன்னோர் அட்டை நிர்வாகிக்கு.

அடுத்து, எந்த முகவரிகள் நம்முடையவை என்று அதற்குச் சொல்லித்தர வேண்டும். பிறகு விதிகளை ஏற்ற வேண்டும். தெரிந்த தாக்குதல்களின் அடையாளங்களே விதிகள். காவல் நிலையச் சுவரில் திருடர்களின் படம் ஒட்டியிருப்பதைப் போன்றது இது. இலவச விதித் தொகுப்புகள் கிடைக்கின்றன. அவற்றைத் தினமும் புதுப்பிக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் பொய் எச்சரிக்கைகள் குவியும். நம்முடைய பிரிண்டரையே திருடன் என்று சொல்லும். சலிப்படையாமல் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, வேண்டாத விதிகளை நீக்க வேண்டும். இந்த மென்பொருள் எச்சரிப்பதோடு தடுக்கவும் வல்லது. ஆனால் மருத்துவமனையில் எடுத்தவுடன் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. தவறான ஒரு தடை, அவசர இரத்தப் பரிசோதனை முடிவை வழியிலே நிறுத்திவிடலாம்.

இதற்கும் எல்லை உண்டு. 443ஆம் வாசலில் வருவது மறைகுறியாக்கப்பட்டது. உறைக்குள் இருக்கும் கடிதத்தை வெளியில் நிற்கும் காவலர் படிக்க முடியாது. ஆகவே சர்வருக்குள்ளும் ஒரு கண் வேண்டும். கோப்புகளின் கைரேகையைக் குறித்து வைத்து, மாறினால் சொல்லும் ஐட் என்ற மென்பொருள் உண்டு. தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயலும் முகவரியை அடைக்க ஃபெயில்டூபேன் உண்டு. பதிவேடுகளின் நகல் வேறொரு கணிப்பொறிக்கும் உடனுக்குடன் போக வேண்டும். ஏனென்றால் புகுந்தவன் முதலில் அழிப்பது பதிவேட்டைத்தான். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி, பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

இவை அனைத்திலும் விலை உயர்ந்தது மென்பொருள் அல்ல, காலையில் வந்தவுடன் எச்சரிக்கைகளைப் பொறுமையாய் வாசிக்கும் ஓர் ஊழியரே. அவருக்கு அந்த அரைமணி நேரத்தை ஒதுக்கிக் கொடுக்காத நிறுவனம், காவலர் இல்லாத அருவியைப் போன்றது.

ஆகவே நண்பர்களே, நீங்கள் தாங்கிவரும் எந்த நிறுவனத்திடமும் தயக்கமின்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். திருத்தங்களைக் கடைசியாக எப்போது பொருத்தினீர்கள்? எச்சரிக்கைகளைத் தினமும் வாசிப்பவர் யார்? வலையில் இணையாத நகல் ஒன்று உண்டா? ஒரு நோயாளி தன் வியாதியை மருத்துவரிடம் நம்பிச் சொல்கிறார். நீங்களும் உங்கள் பெயரையும் முகவரியையும் நம்பியே தருகிறீர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பங்கே என்று நாங்கள் கருதுகிறோம்.