செய்த தொண்டை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிப் பிள்ளைகள் இன்று காலணித் தொழிற்சாலை வேலைக்கும் வளைகுடா வேலைக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் விண்ணப்பிக்கிறார்கள். அந்த விண்ணப்பங்களில் சமூகப் பணி அனுபவம் பற்றி ஒரு கேள்வி இருப்பதுண்டு. மக்தபில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருப்பார்கள், ரமளானில் நோன்புக் கஞ்சி ஊற்றியிருப்பார்கள், ஜனாஸா வேலைகளில் நின்றிருப்பார்கள். ஆனால் எழுதும்போது ‘சோஷியல் சர்வீஸ்’ என்று இரண்டே சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை.

செய்ததை வெளியே சொல்வது முகஸ்துதி ஆகாதா என்று தயங்குவோரும் உண்டு. தயக்கம் நல்லதுதான். ஆனால் தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைவாகச் செய்வது அதைவிடச் சிறந்தது என்பதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் தரும் கருத்து. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை. மேடையில் புகழுக்காகச் சொல்வது வேறு. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் எழுதுவது வேறு. கேள்வி கேட்கப்பட்ட இடத்தில் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது சாட்சி சொல்வதைப் போன்றது.

தடுமாற வைக்கும் சொற்கள்

நம் ஊரில் ஒரு பொருளில் வழங்கும் ஆங்கிலச் சொல், வெளியே வேறு பொருள் தரும். சிலவற்றைப் பார்ப்போம்.

‘சோஷியல் ஒர்க்கர்’ என்றால் நாம் பொதுச் சேவை செய்பவர் என்று நினைக்கிறோம். அது படித்துப் பெறும் ஒரு தொழிலின் பெயர். இங்கிலாந்தில் முறைப்படி பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ‘சோஷியல் சர்வீசஸ்’ என்றால் அங்கே குழந்தைகள் பாதுகாப்பு, முதியோர் நலன் போன்றவற்றைப் பார்க்கும் அரசுத் துறை.

‘கம்யூனிட்டி சர்வீஸ்’ அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் சாதாரணமாக வழங்கும் நல்ல சொல்தான். ஆனால் நீதிமன்றம் விதிக்கும் தண்டனைக்கும் அதே பெயர் உண்டு. நம் நாட்டிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சில சிறு குற்றங்களுக்குத் தண்டனையாக அதைச் சேர்த்திருக்கிறது. விண்ணப்பத்திலேயே அந்தச் சொல் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் ‘வாலண்டியரிங்’ என்பதே தெளிவு.

‘ஃப்ரீ சர்வீஸ்’ என்றால் புது பைக்குக்குக் கிடைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘ஒர்க்டு’ என்று எழுதினால் சம்பள வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். சங்கத்தில் ஊதியமில்லாமல் பொறுப்பு வகித்திருந்தால் ‘ஹானரரி’ என்ற சொல் பொருந்தும்.

பிரிட்டனில் படிக்கப் போகும் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். ஒப்பந்தக் கடமையோடு செய்யும் ‘வாலண்டரி ஒர்க்’ ஊதியமில்லாவிட்டாலும் அந்த 20 மணி நேரத்தில் சேரும். கடமை ஏதுமின்றி உதவும் ‘வாலண்டியரிங்’ சேராது. ஒரு சொல் மாறினால் விசா விதியே மாறுகிறது.

நம் பகுதித் தொண்டுகள்

பக்ரீத் அன்று வீடு வீடாகப் போய்க் குர்பானித் தோல் சேகரித்து மதரஸாவுக்கோ யதீம்கானாவுக்கோ சேர்ப்பது நம் இளைஞர்கள் செய்யும் தொண்டு. இதை ‘லெதர் கலெக்ஷன்’ என்று எழுதுவது தவறு. பதனிட்ட பிறகுதான் அது ‘லெதர்’. பதனிடும் முன் ஆட்டுத்தோல் ‘ஸ்கின்’, மாட்டுத்தோல் ‘ஹைட்’. தோல் தொழிற்சாலைக்கு விண்ணப்பிப்பவர் இதைத் தவறாக எழுதினால் மேலாளர் உடனே கவனிப்பார். ‘டொனேட்டட் ஸ்கின்ஸ்’ என்று எழுதி, யாருக்காகச் சேகரித்தீர்கள் என்பதையும் சேர்த்தால் போதும்.

‘ஜமாஅத்’ என்று மட்டும் எழுதினால் வெளியூர்க்காரர் ஏதோ ஓர் இயக்கத்தின் பெயர் என்று எண்ணலாம். ‘மாஸ்க் கமிட்டி’ என்றால் குழப்பமில்லை. பைத்துல்மாலை ‘கம்யூனிட்டி ஃபண்ட்’ என்றும், கர்ளே ஹஸனாவை ‘இன்ட்ரெஸ்ட் ஃப்ரீ லோன்’ என்றும் விளக்கலாம். ஜனாஸா தொண்டை ‘ஃப்யூனரல் அண்ட் பரியல் சப்போர்ட்’ என்று எழுதலாம். கொரோனா காலத்தில் தமிழகத்தில் முஸ்லிம் தன்னார்வலர்கள் எல்லா மதத்தவர் உடல்களையும் அடக்கம் செய்தார்கள். அதில் நின்ற இளைஞர் அந்த அனுபவத்தை ‘சோஷியல் சர்வீஸ்’ என்ற இரண்டு சொல்லுக்குள் புதைத்துவிடக் கூடாது.

நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். திட்டத்தில் சம்பள நேரத்தில் பொருள் வழங்கியிருந்தால் அது உங்கள் தன்னார்வத் தொண்டு ஆகாது. நிறுவனத் திட்டத்தில் பங்கேற்றேன் என்றே எழுத வேண்டும்.

நான்கு விவரங்கள்

என்ன செய்தீர்கள், யாருக்காக, எங்கே, எவ்வளவு காலம்? இந்த நான்கும் இருந்தால் அழகுச் சொல் எதுவும் தேவையில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர் இப்படி எழுதலாம்: ‘வாலண்டியர்டு இன் ஃப்ளட் ரிலீஃப், நவம்பர் 2021; பேக்டு அண்ட் டெலிவர்டு மீல்ஸ் ஃபார் ஃபோர் டேஸ்.’ நான்கு நாள் என்றால் நான்கு நாள்தான். கல்லூரி என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் முடித்தவர் அந்த எண்ணையே எழுதலாம்.

இன்றும் தொடரும் தொண்டுக்கு ‘ஐ ஆம் டூயிங் சின்ஸ் 2022’ என்று எழுதுவது பிழை. ‘ஐ ஹேவ் பீன் வாலண்டியரிங் சின்ஸ் 2022’ என்பதே சரி.

உதவியவர் ‘ஹெல்ப்டு’ என்று எழுதட்டும். முன்னின்று நடத்தியவர் மட்டும் ‘லெட்’ என்று எழுதட்டும். பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலைக்குப் பத்துப் பேருமே ‘கோஆர்டினேட்டர்’ ஆனால், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே உண்மை தெரிந்துவிடும். பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளையின் நம்பகத்தன்மை மட்டுமல்ல, கடிதம் கொடுத்த பள்ளிவாசலின் பெயரும்தான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். தொண்டு செய்யும் ஆண், பெண் பிள்ளைகளின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கேட்கும்போது தேதியோடு கூடிய கடிதம் கொடுங்கள். பெற்றோரும் விண்ணப்பம் போகும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுதியதில் ஒரு சொல்லாவது நடந்ததைவிடப் பெரிதாக இருந்தால் அதைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

நாம் செய்யும் கித்மத்தின் கூலி அல்லாஹ்விடமே உள்ளது. அதை அவன் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.