மண்ணுள் உறங்கும் காசுகள்

வீட்டுக் கொல்லையில் தென்னங்கன்று நடக் குழி தோண்டுகையில் பச்சை படிந்த செப்புக் காசொன்று மண்வெட்டியில் தட்டுப்படுதல் நம் சிற்றூர்களில் புதுமையன்று. இந்நாளிலோ மண்ணைத் தோண்டுமுன்பே உலோகம் இருக்குமிடத்தைக் காட்டும் கருவி கடைகளில் கிடைக்கிறது. இக்கருவி திருவரங்குளம் போன்ற தொன்மையான ஊர்களில் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கருக்காக்குறிச்சிப் பானை

திருவரங்குளம் அடங்கிய ஆலங்குடிப் பகுதி நாணயவியலார் நன்கறிந்த நிலமாகும். 1898ஆம் ஆண்டில் இப்பகுதியைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் ஒரு பானை நிறைய உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவை 501 என அறிஞர் ஹில் அவ்வாண்டே எழுதினார். அகசுதசு முதல் வெசுபாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் அரசன் தலையின்மீது உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. நாணயமாக வழங்காது வெறும் பொன்னாகவே மதிப்பிடுதற்கு அவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் சிலர் கருத்து. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததை அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறது. ஏட்டில் கண்டதற்கு மண்ணே சான்று தந்தது எனலாம்.

கொல்லையில் கிடைக்கக் கூடியவை

பொற்பானை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வீட்டு மனைகளில் கிடைக்கக் கூடியவை பெரும்பாலும் செப்புக் காசுகளே. ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும் கொண்ட இராசராசன் காசு அவற்றுள் ஒன்று. அரபு எழுத்துப் பொறித்த மதுரைச் சுல்தான்களின் காசு பதினான்காம் நூற்றாண்டினது. பிரகதாம்பாள் உருவத்தையும் தெலுங்கில் 'விஜய' என்ற சொல்லையும் தாங்கிய அம்மன் காசு புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்கே உரியது. இருபது அம்மன் காசு ஓர் அணாவாகும். வங்கிகள் இல்லாத காலத்தில் பஞ்சத்திற்கும் போருக்கும் அஞ்சியோர் தம் பொருளை மண்ணுக்கே அடைக்கலம் தந்தனர். திரும்பி வந்து எடுக்க இயலாதவர் பொருளே நமக்குப் புதையலாயிற்று.

கருவி இயங்கும் முறை

கருவியின் வளையத்தில் மாறுமின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்விளைவை வளையம் உணர்ந்து ஒலி எழுப்புகிறது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட இதன் முன்னோடிக் கருவியைக் கிரகாம் பெல் பயன்படுத்தினார், அம்முயற்சி பலிக்கவில்லை. தனிக்காசு ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்திற்குள் இருந்தாலே பொதுவாகப் புலப்படும். இரும்புச்சத்து மிக்க செம்புரை மண்ணோ பொய்யொலி எழுப்பித் தேடுவோரை ஏமாற்றும். ஆணியும் சோடா மூடியும் அவ்வாறே.

ஒலி சொல்லாத செய்தி

உலோகம் உண்டென்று கருவி கூறும். அதன் வரலாற்றைக் கூறாது. காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அருகில் எவ்வகைப் பானையோடு இருந்தது என்பனவே காலத்தைக் கணிக்கும் சான்றுகள். அவசரமாகப் பறித்தெடுத்தால் கையில் காசு மிஞ்சும், வரலாறு மிஞ்சாது. புளியிட்டுத் துலக்கினால் எழுத்தும் தேயும். தட்டாரிடம் உருக்கக் கொடுத்தாலோ எல்லாமே போயிற்று.

சட்டமும் அறமும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைப்போர்க்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தம் சொந்தக் கொல்லைதானே என்று வாளாவிருத்தல் ஆகாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றித் தோண்டுதலும் குற்றமே. புதையலில் ஐந்தில் ஒரு பங்கைப் பொதுநலத்திற்கு உரியதாக்கிய இசுலாமிய நெறியும், மண்தந்த பொருள் கண்டவனுக்கு மட்டும் உரியதன்று என்பதையே உணர்த்துகிறது.

மாணவர்க்கு

ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் காசு கிடைத்தால் துலக்காதீர்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துப் படம் எடுங்கள். ஊர்ப் பெரியோர் முன்னிலையில் வருவாய்த்துறையினர்க்குத் தெரிவியுங்கள். திருக்கோகர்ணத்தில் 1910இல் தோன்றிய அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை சென்று வாருங்கள். ஒரு செப்புக் காசின் விலை சில ரூபாயாக இருக்கலாம். அது கிடந்த இடத்தின் செய்தியோ விலைமதிப்பற்றது. அச்செய்தியைக் காத்துத் தருவது நம் தலைமுறையின் கடமையாகும்.