களை முதலில், யூரியா பிறகு

மதுக்கரையில் 1930களில் சிமெண்ட் ஆலை எழுவதற்குக் காரணமாயிருந்த சுண்ணாம்புக்கல், பாறையாக மலையடிவாரத்தில் மட்டும் நின்றுவிடாமல், சுற்றுப்புறத்துத் தோட்டங்கள் பலவற்றின் மண்ணிலும் கலந்து கிடந்து, அதற்குக் காரத்தன்மையை அளித்திருக்கிறது. நாச்சிபாளையத்திலும் கிணத்துக்கடவிலும் தக்காளியும் சின்ன வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகிற விவசாயிகள், வெள்ளாமைக்கு எவ்வளவு யூரியா இடுவது என்று கேட்பதற்கு முன்னால், இந்த மண்ணில் அதை எப்போது, எவ்விதம் இடுவது என்று கேட்பதே அதிகப் பிரயோஜனம் தருவதாகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. ஈரம் பட்டதும் அது அம்மோனியமாக மாறுகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணின் மேற்பரப்பில் அதனை வாளாவிட்டால், கணிசமான பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது. எஞ்சியதையேனும் பயிர் முழுமையாக அடைகிறதா என்றால், பாத்தியில் களை நிற்கிறவரை அதுவும் இல்லை.

கோவைப் பிரதேசத்துக் காய்கறித் தோட்டங்களில் சாரணையும் தொய்யக்கீரையும் பார்த்தீனியமும் அருகும் மலிந்து கிடந்தாலும், விவசாயியை மிகவும் வாட்டுவது கோரைதான். அதன் இலைக்கொத்தைக் கையால் பற்றி இழுத்தால், இலை அறுந்து கையோடு வந்துவிடும். களைக்கொத்தியை ஆழமாகப் பாய்ச்சிப் புரட்டிப் பார்த்தால், நூல்போன்ற தண்டுகளில் கோத்தாற்போல் கறுத்த கிழங்குகள், நசுக்கினால் மணம் வீசுபவை, ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே முளைக்கும் சக்தி வாய்ந்தது. கோரையும் சாரணையும் வெயிலும் வெப்பமும் மிகுந்த சூழ்நிலையில், ஒளிச்சேர்க்கையிலும் தழைச்சத்தைப் பயன்படுத்துவதிலும் தக்காளியை விஞ்சும் இனங்கள். ஆகவே களைமண்டிய பாத்தியில் இடுகிற உரம், முதலில் களைக்கே விருந்தாகிவிடுகிறது. அதனினும் பரிதாபமானது வெங்காயத்தின் நிலை: குழல்போல் நிமிர்ந்து நிற்கும் அதன் இலைகள் மண்மீது நிழல் விரிப்பதே இல்லையாதலால், முளைக்கிற களை எதற்கும் அங்கே தடையில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி ரகங்களுக்குச் செய்துள்ள சிபாரிசைக் கவனித்தால், களையெடுப்புக்கும் உரமிடுவதற்கும் உள்ள சம்பந்தம் துலங்கும். ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரத்தோடு, 75 கிலோ தழைச்சத்தும் 100 கிலோ மணிச்சத்தும் 50 கிலோ சாம்பல்சத்தும் அடியுரம். நட்ட 30ஆம் நாள் மண் அணைக்கும்போது மேலும் 75 கிலோ தழைச்சத்து மேலுரம். களைக்கோ, முளைக்கும் முன்பே ஹெக்டேருக்கு 1 கிலோ வீரியமுள்ள பென்டிமெத்தலின் களைக்கொல்லி, பின்னர் ஒரு கைக்களை; அந்தக் கைக்களையும் அதே 30ஆம் நாளில்தான். களையைக் கொத்தியெடுத்து, யூரியாவை இட்டு, உடனே மண்ணை அணைத்து மூடி, நீர் பாய்ச்சினால், களையின் பங்கும் காற்றின் பங்கும் ஒருங்கே குறைந்து, உரம் வேரைச் சேர்கிறது. அந்த வரிசை மாறினால், மேலுரமாக ஏக்கருக்கு இடுகிற சுமார் 66 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டை யூரியாவில், கணிசமான பகுதிக்கு நாம் செலவழித்த பணமும் உழைப்பும் வியர்த்தமே.

வரிசை ஏன் மாறுகிறது? 45 கிலோ மூட்டை மானிய விலையில் சுமார் 266 ரூபாய்க்குக் கிடைக்கிறது; களையெடுக்க ஆள்தான் கிடைப்பதில்லை. பயிர் வெளுத்துக் காணும்போது, களை தின்றதால் வந்த பசியை உரக்குறை என்று எண்ணி, இன்னொரு மூட்டையைப் பிரிக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் மிகையான தழைச்சத்து தக்காளியை இலையும் கொம்புமாக வளர்த்துக் காய்ப்பைப் பின்தள்ளுகிறது. வெங்காயத்தில் கழுத்துத் தடித்துச் சரியாக உலராமல், பட்டறையில் வைத்த காய் அழுகுகிறது. சின்ன வெங்காயத்துக்கு அடியுரமாக 30 கிலோ, 30ஆம் நாளில் மறுபடி 30 கிலோ என ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்தே போதும் என்று சிபாரிசு நிற்பது இதனால்தான். தழைச்சத்தை மட்டும் நம்புவது நீடித்த விளைச்சலைத் தராது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. கோயமுத்தூரிலேயே 1909இல் தொடங்கி நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனை, மூன்று சத்துகளும் சமநிலையில் சேர்ந்த நிலமே தழைச்சத்து மட்டும் பெற்ற நிலத்தைக் காட்டிலும் சிறக்கிறது என்பதை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்டி வருகிறது.

களையெடுக்க ஆட்கள் வருகிற நாளைத் தெரிந்துகொண்ட பிறகே மேலுரத்துக்கு நாள் குறியுங்கள். அவர்கள் வருவது இரண்டொரு நாள் தாமதமானால், மூட்டையைப் பிரிப்பதையும் அதுவரை ஒத்திப்போடுங்கள்.