துள்ளும் பூனையும் தொடாத தட்டும்

பூனை ஊனை நம்பியே வாழும் உடலமைப்பு கொண்டது. எலி, பல்லி, சிறு பறவை என ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒரு நாளில் பத்துத் தடவைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஓர் எலியில் கிடைப்பது சுமார் 30 கலோரி. பெங்களூரு அடுக்குமாடி வீட்டில் வளரும் துறுதுறுப்பான பூனை, தட்டு நிறைய வைத்ததில் நாலு வாய் தின்றுவிட்டு பால்கனிக்கு ஓடுவதும் பெரும்பாலும் இந்த இயல்பால்தான், பிடிவாதத்தால் அன்று. ஆகவே தீனியை மாற்றுவதற்கு முன், அதை வைக்கும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

4 கிலோ எடையுள்ள, ஓடியாடும் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி வேண்டும். டிரை ஃபுட் என்றால் அது 65 முதல் 70 கிராம். 85 கிராம் ஈரத் தீனிப் பவுச்சில் இருப்பது பெரும்பாலும் 60 முதல் 80 கலோரிதான் என்பதால், இரண்டு பவுச் மட்டும் தின்னும் பூனை இளைக்கவே செய்யும். அன்றைய அளவை ஐந்தாறு பங்காகப் பிரித்து வைத்தால், மொத்தத்தில் கூடுதலாக உள்ளே போகும்.

பூனையின் நாவில் சுவை மொட்டுகள் சில நூறுதான். இனிப்பை உணரும் மரபணு அதற்குச் செயலற்றுப் போயிருப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் 2005இல் கண்டறிந்தது. பூனை உணவைத் தேர்ந்தெடுப்பது முதன்மையாக மணத்தால். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உணவில் மணம் எழாது. டிசம்பர் மாதக் குளிரில் சொல்லவே வேண்டாம். பவுச்சை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, கைக்கு இளஞ்சூடாக, அதாவது பூனையின் உடல் வெப்பமான 38 டிகிரிக்கு அருகில் கொடுக்கலாம். டிரை ஃபுட்டின் மேல் உப்பில்லாமல் கோழி வேகவைத்த தண்ணீரைத் தெளிக்கலாம். ஏப்ரல் வெயிலில் ஈரத் தீனி விரைவில் கெடும். மிஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

தட்டு அகலமாக, ஆழமின்றி இருப்பது நல்லது. மலம் கழிக்கும் மணல் தட்டுக்கு அருகில் தீனி வைத்தால் பல பூனைகள் தொடாது. பக்கத்து வீட்டு டிரில்லிங் சத்தம், தீபாவளி வெடி போன்றவையும் பசியைக் கெடுக்கும். அமைதியான மூலை வேண்டும். இரண்டு பூனைகள் இருந்தால் தனித்தனி இடம் வேண்டும்.

வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் ஒழுங்கு. கயிற்றில் கட்டிய இறகைப் பத்து நிமிடம் துரத்தவிட்டு, அது மூச்சு வாங்கி அடங்கியதும் தட்டை வைத்தால் ஆர்வத்தோடு தின்னும்.

வீட்டு உணவில் கவனம் தேவை. பெங்களூரு ரசல் மார்க்கெட்டில் வாங்கிய மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போடக்கூடாது. அவற்றில் உள்ள நொதி வைட்டமின் பி1ஐ அழிக்கும். வேகவைத்து, முள் நீக்கித் தரலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றுப்போக்கைத் தரும். சைவ வீட்டுத் தயிர்ச்சாதம் பூனையைத் தாங்காது. ஊனில் கிடைக்கும் டாரின் என்னும் சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் பழுதாகும். இதயப் பாதிப்பைக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 1987இல் நிறுவினர். ஆகவே முழுச் சத்துணவே அடிப்படை, மீனும் கோழியும் அதற்குத் துணை. புதிய தீனிக்கு மாற்றும்போது, பழையதில் கால் பங்கு கலந்து தொடங்கி, பத்து நாளில் முழுதாக மாற்றலாம். வாயைத் திறந்து திணிப்பதும், பிடித்த உணவில் மாத்திரையை ஒளிப்பதும் அந்த உணவின்மீதே வெறுப்பை உண்டாக்கும்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நம்பகமான அளவுகோல். எடை நிலையாக இருந்து, ரோமம் பளபளத்து, பூனை விளையாடினால் குறைவாகத் தின்பது கவலைக்குரியதன்று. நன்றாகத் தின்றும் இளைத்தால் குடற்புழுவையோ, வயதான பூனையானால் தைராய்டையோ சந்தேகிக்கலாம். தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால் பல்வலியோ குமட்டலோ இருக்கலாம். ஒரு நாள் முழுதும் எதுவும் தின்னாத பூனையைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியானால் அரைநாள்கூடப் பொறுக்கக்கூடாது. பட்டினி சில நாள் நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். தனியார் மருத்துவமனைகளோடு, ஹெப்பாளில் 1958இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் பெங்களூரில் உள்ளது. பசி தூண்டும் மருந்தை மருத்துவர் சொல்லாமல் தரக்கூடாது. மனிதருக்கான பாராசிட்டமால் பூனையைக் கொல்லும்.