மொபைல் நோட்டரியைக் கூப்பிடுவதற்கு முன்

“மனையை வித்துடலாம். நீ ஒரு பவர் எழுதி அனுப்பு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்.” அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களுக்கு ஊரிலிருந்து அண்ணனோ மைத்துனரோ இப்படிப் பேசுவது சகஜம். அடுத்த நாளே பத்திர எழுத்தர் தயாரித்த வரைவு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். வங்கிக் கிளையில் நோட்டரி இருப்பார். ஆனால் வேலை நேரத்தில்தான் கிடைப்பார். பவர் பத்திரம் என்றாலே கைவைக்கத் தயங்கும் கிளைகளும் உண்டு. கிரீன் கார்டில் மகனோடு இருக்கும் அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் அவரைக் கூட்டிக்கொண்டு அலையவும் முடியாது. இதனால்தான் மொபைல் நோட்டரியைக் கூப்பிடுகிறார்கள். வீடு, மருத்துவமனை, அலுவலகம், காபிக் கடை என்று நாம் சொல்லும் இடத்துக்கு அவர் முத்திரையும் பதிவேடும் எடுத்துக்கொண்டு வருவார்.

வசதியான ஏற்பாடு, நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் அவர் எதற்குச் சாட்சி சொல்கிறார் என்று தெரியாமல் கூப்பிடுபவர்கள் ஏராளம். பணமும் நாட்களும் வீணாவது அங்கேதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோட்டரிச் சட்டம் வேறு என்பதால், தமிழர்கள் நிறையப் பேர் வாழும் கலிஃபோர்னியாவின் விதிகளை வைத்தே சொல்கிறேன்.

நம் ஊரில் நோட்டரி என்றால் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நியமித்த வழக்கறிஞர்தான் நினைவுக்கு வருவார். கலிஃபோர்னியாவில் நோட்டரி வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. 6 மணி நேரப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறி, 15,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் வைத்தால் 4 ஆண்டுகளுக்கு நியமனம் கிடைக்கும். அவர் வேலை மிகக் குறுகியது. எதிரே இருப்பவர் அடையாள அட்டையில் உள்ள அதே ஆள்தானா, கையெழுத்து தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பார். அவ்வளவுதான். பத்திரத்தில் சர்வே எண் தவறாக இருந்தாலும், விற்கும் அதிகாரம் கேட்ட இடத்தில் வாடகை வசூலிக்கும் அதிகாரம் மட்டும் எழுதியிருந்தாலும் அதைச் சொல்வது அவர் பொறுப்பல்ல. சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு அனுமதியும் இல்லை. கலிஃபோர்னியா நோட்டரிச் சான்றின் தலையில் ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்திட்டவரின் அடையாளத்துக்கு மட்டுமே இந்தச் சான்று, ஆவணத்தின் உண்மைக்கோ செல்லுபடிக்கோ அல்ல என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதை நிறுத்தி ஒருமுறை படியுங்கள்.

ஆக, பத்திரம் ஊரில் செல்லுமா என்பதை நோட்டரி வருவதற்கு முன்பே நாம் முடிவு செய்துவிட வேண்டும். வரைவைப் பதிவு நடக்கப்போகும் சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ எழுதிக் கொடுக்கும் பவரை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு ஏற்கிறது. சட்டம் அப்படிச் சொன்னாலும், நடைமுறையில் அப்போஸ்டிலும் (நோட்டரியின் முத்திரையை வெளிநாட்டில் ஏற்கும்படி மாநில அரசு இணைத்துத் தரும் சான்று) கேட்கும் அலுவலகங்கள் உண்டு, தூதரகச் சான்றுதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. எது வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டால் நல்லது.

வரைவிலேயே தீர்க்க வேண்டிய இன்னொன்று, பெயர். இனிஷியல் வைத்துப் பெயர் எழுதும் நமக்கு இது பெரிய தலைவலி. தாய்ப் பத்திரத்தில் “க. முருகேசன்” என்றிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் முதற்பெயர் முருகேசன், குடும்பப்பெயர் கந்தசாமி. பவரில் “க. முருகேசன்” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் “க” யார் என்று நோட்டரிக்கு எப்படித் தெரியும்? அடையாள அட்டையில் உள்ள பெயரை முழுதாக எழுதி, தாய்ப் பத்திரத்தில் க. முருகேசன் என்று குறிப்பிடப்பட்டவரும் இவரே என்று வரைவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நோட்டரிக்கும் சார்பதிவாளருக்கும் ஒரே வரி போதும்.

தொலைபேசியில் பேசும்போதே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம். அக்கா, தம்பி இருவர் கையெழுத்திட்டால் 30 டாலர். வந்துபோகும் செலவு இதில் சேராது. அதற்கு அங்கே சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை, பேசி முடிவு செய்வதுதான். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை, தூரம் என்று ஏறிக்கொண்டே போகும். வந்த பிறகு ஏதோ காரணத்தால் கையெழுத்து நடக்காவிட்டால் பயணச் செலவு உண்டா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் உண்டு. அவருடைய நியமனம் நடப்பில் இருக்கிறதா என்று மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே அழைப்பில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எந்த அடையாள அட்டையை ஏற்பீர்கள்? கலிஃபோர்னியா ஓட்டுநர் உரிமம் இருந்தால் பிரச்சினையே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது நடப்பில் இருக்க வேண்டும், அல்லது கடந்த 5 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஏற்கத் தயங்கும் நோட்டரியும் இருக்கலாம், அது வாசலில் தெரியவருவதைவிடப் போனில் தெரிவது மேல். அட்டையே இல்லாத பெரியவருக்கும் வழி இருக்கிறது. அவரை நேரில் அறிந்த, இந்தப் பத்திரத்தால் எந்தப் பணலாபமும் இல்லாத, பத்திரத்தில் பெயர் வராத இரண்டு பேர் தங்கள் அட்டைகளைக் காட்டி, ஆள் இவர்தான் என்று நோட்டரி முன் உறுதிமொழி சொல்லலாம். சொத்தில் பங்குள்ள மகன் அந்தச் சாட்சியாக முடியாது.

மொழி விஷயத்தில் நம்மவர்கள் ரொம்பவே சறுக்குகிறார்கள். பத்திரம் தமிழில் இருக்கலாம். நோட்டரிக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் அது என்ன வகை ஆவணம் என்று அவருக்குப் புரிந்தால் போதும், அவருடைய சான்று ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் கையெழுத்திடுபவரோடு நோட்டரி நேரடியாகப் பேசியாக வேண்டும். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வைக்கக் கலிஃபோர்னியாவில் அனுமதி இல்லை. “அம்மாவுக்கு நான் சொல்லிடறேன்” என்று மகள் முன்வந்தால் நோட்டரி பையை மூடிவிடுவார், மூட வேண்டும். யாரோ சொல்லச் சொல்ல ஒரு மூதாட்டியின் கையெழுத்தை வாங்கி நிலத்தைப் பறிக்கும் கதை எந்த ஊரிலும் நடக்கக்கூடியதே. அதைத் தடுக்கும் விதி இது. இங்கிலீஷ் பேசாத அம்மா என்றால் தமிழ் பேசும் நோட்டரியைத் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

அவர் வந்தபின் நடப்பது இதுதான். மேசை மேல் பத்திரத்தைப் புரட்டி, காலி இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். தேதியோ பெயரோ நிரப்பாமல் இருந்தால் முதலில் அதை நிரப்பச் சொல்வார். அட்டையை வாங்கி முகத்தையும் படத்தையும் ஒப்பிடுவார். பிறகு தன் பதிவேட்டில் தேதி, நேரம், ஆவண வகை, அட்டை எண், கட்டணம் எல்லாம் எழுதி, அதிலும் நம் கையெழுத்தைக் கேட்பார். பவர் பத்திரத்துக்கும் நிலம் சார்ந்த ஆவணத்துக்கும் கைரேகையும் கட்டாயம். ஊரில் இடது பெருவிரல் நீட்டிப் பழகிய பெரியவர் அதையே நீட்டுவார், இங்கே வலது பெருவிரல். அதன் பிறகு சான்றை நிரப்பி, கையெழுத்திட்டு, முத்திரை பதிப்பார். நாம் சத்தியம் செய்து கொடுக்கும் பிரமாண வாக்குமூலம் என்றால் வாயால் உறுதிமொழி சொல்லி, அவர் கண்முன்னே கையெழுத்திட வேண்டும். எந்த ஆவணமானாலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவைக்காதீர்கள்.

இங்கே ஒரு இழுபறி வரும். “ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வேணும், போட்டோ மேலேயும் வேணும்” என்று ஊரிலிருந்து சொல்லியிருப்பார்கள். கலிஃபோர்னியா நோட்டரி தன் முத்திரையைச் சான்று வாசகம் உள்ள இடத்தில் மட்டுமே பதிக்கலாம். வாசகமில்லாத வெறும் பக்கங்களில் குத்தித் தரமாட்டார். ஆதார், பாஸ்போர்ட் நகலில் “உண்மை நகல்” என்று சான்றளிக்கவும் மாட்டார். கலிஃபோர்னியாவில் நோட்டரிகள் பவர் பத்திரத்தின் நகலுக்கும் தங்கள் பதிவேட்டின் நகலுக்கும்தான் அப்படிச் சான்று தரலாம். கோபப்பட்டுப் பயனில்லை. பக்கந்தோறும் நீங்கள் கையெழுத்திடலாம், அதற்குத் தடையில்லை. முத்திரை ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று பத்திர எழுத்தரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பக்க முத்திரை இல்லாமல் முடியவே முடியாது என்று அந்த அலுவலகம் சொன்னால், தூதரக வழியை விசாரியுங்கள்.

மருத்துவமனைக்கு நோட்டரியைக் கூப்பிடுவது கடைசி நேரத்தில்தான் நடக்கிறது, அது வருத்தமான விஷயம். நோயாளி மயக்க மருந்தின் பிடியில் இருந்தால், கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால், நோட்டரி திரும்பிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லக் கூடாது. எந்த நேரத்தில் தெளிவாக இருப்பார் என்று நர்ஸிடம் கேட்டு அந்த நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். அடையாள அட்டை வீட்டில் இருக்கப்போகிறது, எடுத்து வாருங்கள். பேனா பிடிக்க முடியாதவர் ஒரு குறி இட்டால் போதும், அதைப் பார்க்க இரண்டு சாட்சிகள் வேண்டும்.

முத்திரை விழுந்த பிறகு வேகமாகச் செய்ய வேண்டியவை இரண்டு. அப்போஸ்டில் தேவை என்றால் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்துக்கு அசலை அனுப்ப வேண்டும், ஒன்றுக்கு 20 டாலர். இந்தியாவில் இந்தச் சான்று 2005 ஜூலை 14 முதல் செல்லுபடியாகிறது. அடுத்தது, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. வந்த தேதிக்கு ஆதாரம் கூரியர் உறைதான். அண்ணன் அதைக் கிழித்துக் குப்பையில் போடாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கட்டும். விற்பனை தாமதமானால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் பதிவின்போது கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

விற்கச் சொல்லிப் பவர் கொடுத்தால், எந்தச் சொத்து, என்ன அதிகாரம் என்று வரையறுத்து மட்டும் கொடுங்கள். எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும் என்று எழுதிய வரைவைப் பார்த்தால் திருப்பி அனுப்புங்கள், சொந்த அண்ணனாகவே இருந்தாலும். சில மாதங்களில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்து, விற்பனையும் காத்திருக்குமானால், இந்த வேலையே வேண்டாம். கிரயப் பத்திரத்தில் சார்பதிவாளர் முன் நீங்களே நேரில் கையெழுத்திட்டுவிடுங்கள். அதற்கு நோட்டரியும் வேண்டாம், அப்போஸ்டிலும் வேண்டாம்.