கட்டளை வரி விருப்பங்களைப் பாகுபடுத்தல்

கட்டளை வரி விருப்பங்கள் என்பவை, ஒரு ஸ்கிரிப்டை இயக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் தட்டச்சு செய்யப்படும் கூடுதல் குறிப்புகள் ஆகும். எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும், எந்த நாளுக்குரிய விவரத்தை எடுக்க வேண்டும் என்பன போன்றவற்றை இவை ஸ்கிரிப்டுக்குத் தெரிவிக்கின்றன. வந்த சொற்களுள் எது விருப்பம், எது அதன் மதிப்பு, எது கோப்புப் பெயர் என்று பிரித்தறிந்து, அவை ஏற்கத்தக்கவையா எனச் சோதிக்கும் வேலையே பாகுபடுத்தல் எனப்படுகிறது. இந்தப் பகுதி பலவீனமாக இருந்தால், மற்ற வரிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் தவறான கோப்பில், தவறான நாளுக்கு வேலை செய்துவிடும். பிழைச் செய்தியும் வராது.

ஓர் எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் கார், இரு சக்கர வாகனம், மின்னணுப் பொருள் ஆகியவற்றைத் தயாரிக்கும் ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் வழங்கும் நிறுவனங்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. அத்தகைய உதிரிபாக ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொரு பாகமும் கசிவுச் சோதனை இயந்திரத்தைக் கடக்கிறது. பாகத்தின் வரிசை எண், நேரம், ஓகே அல்லது என்ஜி என்ற முடிவு ஆகியவை ஒரு கோப்பில் பதிவாகின்றன. ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் ஒரு ஸ்கிரிப்டை இயக்கி எண்ணிக்கையைக் கூட்டுகிறார்:

தொகு --நாள் 2024-08-12 --ஷிப்ட் சி லைன்1 லைன்2

இதே ஸ்கிரிப்டில் பழைய பதிவுகளை நீக்க --அழி என்ற விருப்பமும் உண்டு என்று கொள்வோம். விற்ற பாகம் ஒன்றின் மீது பின்னாளில் புகார் வந்தால், அது சோதனையில் தேறியது என்பதற்கு இந்தப் பதிவே சான்று. ஆகவே அழிக்கும் கட்டளையைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஸ்கிரிப்ட் அந்த ஆலைக்கு உண்மையான இழப்பை ஏற்படுத்தும்.

சொற்களாகப் பிரித்தல்

தட்டச்சு செய்த வரியை முதலில் படிப்பது ஸ்கிரிப்ட் அன்று, ஷெல். அது இடைவெளிகளைக் கொண்டு வரியைச் சொற்களாக வெட்டி, ஒரு பட்டியலாக ஸ்கிரிப்டிடம் தருகிறது. ஷெல் ஸ்கிரிப்டில் இவை $1, $2 என்று கிடைக்கும். மேலுள்ள வரியில் $1 என்பது --நாள். $2 என்பது தேதி. கோப்பின் பெயர் ‘லைன் 1’ என்று இடைவெளியுடன் இருந்தால் அது இரண்டு சொற்களாகிவிடும். அதைத் தவிர்க்க மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்.

இடத்தை மட்டும் நம்பி, முதல் சொல் தேதி, இரண்டாவது ஷிப்ட் என்று எழுதப்படும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. எழுதியவருக்கு அது எளிது. ஆனால் வரிசையை மாற்றித் தட்டச்சு செய்தால் ஷிப்ட் இருக்க வேண்டிய இடத்தில் தேதி போய் அமரும். பெயருடன் கூடிய விருப்பங்களில் இந்தக் குழப்பம் இல்லை.

கோடு என்னும் மரபு

யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் ஓரெழுத்து விருப்பத்துக்கு முன் ஒரு கோடும், குனு திட்டம் பரப்பிய நீண்ட பெயர்களுக்கு முன் இரண்டு கோடுகளும் இடுவது வழக்கம். எம்எஸ்-டாஸில் விருப்பங்களுக்குச் சாய்கோடு பயன்பட்டது. 1983இல் வந்த அதன் 2.0 பதிப்பில் அடைவுகள் அறிமுகமானபோது சாய்கோடு ஏற்கெனவே விருப்பங்களுக்கு உரியதாகிவிட்டதால், அடைவுப் பாதைக்குப் பின்சாய்கோடு வந்தது. விண்டோஸில் இன்றும் அது தொடர்கிறது.

பெயரே கோட்டில் தொடங்கும் கோப்பு ஒன்று இருந்தால், பாகுபடுத்தி அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும். இதற்காகவே தனியாக நிற்கும் இரண்டு கோடுகள் (--) ‘இத்துடன் விருப்பங்கள் முடிந்தன’ என்று பொருள்படுகின்றன. அதன் பின் வருபவை அனைத்தும் கோப்புப் பெயர்களாகவே கொள்ளப்படும்.

மரபைக் காக்காவிட்டால் விளைவு பெரிதாகலாம். 2012இல் பிஎச்பி மொழியின் சிஜிஐ வடிவத்தில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது. இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எழுதப்பட்டவை கட்டளை வரி விருப்பங்களாகவே பிஎச்பிக்குச் சென்றன. எனவே தொலைவிலிருந்த யாரும் மூல நிரலைப் படிக்கவும், தங்கள் நிரலை இயக்கவும் முடிந்தது. அந்த வழி அடைக்கப்பட்ட பின், 2024இல் விண்டோஸில் அதே குறை வேறு வடிவில் திரும்பியது. சில மொழி அமைப்புகளில் ‘மென்கோடு’ என்ற வேறொரு குறியை விண்டோஸ் சாதாரணக் கோடாக மாற்றியதே காரணம்.

பாகுபடுத்தும் கருவிகள்

ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் இந்த வேலையைப் புதிதாக எழுதத் தேவையில்லை. சி மொழிக்கான கெட்ஆப்ட் என்ற செயற்கூறின் மூல நிரலை ஏடி அண்ட் டி நிறுவனம் 1985இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் பொதுவில் வெளியிட்டது. 1986இல் யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டின் போர்ன் ஷெல்லில் கெட்ஆப்ட்ஸ் என்ற உள்கட்டளை சேர்ந்தது. இதில் ஏற்கப்படும் எழுத்துகளை ஒரு சரமாகத் தர வேண்டும். எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி இருந்தால், அந்த விருப்பத்துக்கு ஒரு மதிப்பு கட்டாயம் என்று பொருள்.

பைத்தானில் 2010இல் வந்த 2.7 பதிப்பு முதல் ஆர்க்பார்ஸ் என்ற தொகுதி உடன் வருகிறது. எது கட்டாயம், எந்த மதிப்புகள் மட்டும் செல்லும், மதிப்பு எந்த வகை என்பவற்றை அறிவித்தால் போதும். ஷிப்டுக்கு ஏ, பி, சி மட்டுமே என்று அறிவித்த பின் ‘டி’ என்று கொடுத்தால், அது பயன்பாட்டு வரியையும் பிழைச் செய்தியையும் காட்டி 2 என்ற வெளியேறு எண்ணுடன் நின்றுவிடும். கோப்பு எதுவும் தொடப்படாது. வேறொரு நிரல் இந்த ஸ்கிரிப்டை இயக்கினால், அந்த எண்ணைக் கொண்டே தோல்வியை அறியலாம்.

தமிழில் விருப்பப் பெயர்கள்

ஓரெழுத்து விருப்பங்களைத் தமிழில் வைப்பது கடினம். போசிக்ஸ் தரநிலை அவற்றை ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடங்கிய அடிப்படைக் குறித்தொகுதிக்குள் வைக்கச் சொல்கிறது. ‘நா’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் இரண்டு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். நீண்ட பெயர்களுக்கு இந்தத் தடை இல்லை. பைத்தான் 3இல் --நாள் போன்ற விருப்பங்கள் இயங்கும்.

ஒரு கவனம் தேவை. ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாகவும், எகரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுத முடியும். ‘தொகுப்பு’ இரு வகையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் ஒரே இயல்பு வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தேதி: 08-12-2024 என்பது டிசம்பர் 8ஆகவும் ஆகஸ்ட் 12ஆகவும் படிக்கப்படலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை மட்டும் ஏற்று, பிப்ரவரி 30 போன்ற இல்லாத தேதிகளை மறுக்க வேண்டும்.

இயல்பு மதிப்பு: தேதி தராவிட்டால் ‘இன்று’ என்று கொள்வது வசதியானது. ஆனால் இரவு 10 மணிக்குத் தொடங்கும் சி ஷிப்ட் மறுநாள் காலை 6 மணிக்கு முடிகிறது. 6.10க்கு ஸ்கிரிப்டை இயக்கினால் ‘இன்று’ என்பது அடுத்த நாள். இத்தகைய இடத்தில் தேதியைக் கட்டாயமாக்குவதே நல்லது.

அழிக்கும் விருப்பம்: இது இயல்பாகவே நடக்கக் கூடாது. எவை நீக்கப்படும் என்பதை மட்டும் காட்டும் --ஒத்திகை போன்ற விருப்பத்தை உடன் வைக்கலாம். ஆர்க்பார்ஸ் நீண்ட பெயர்களின் சுருக்கத்தையும் ஏற்கும். ‘அ’வில் தொடங்கும் விருப்பம் வேறு இல்லையென்றால் --அ என்பதே --அழி ஆகிவிடும். அழிக்கும் ஸ்கிரிப்டுகளில் இந்த வசதியை நிறுத்திவைக்க வேண்டும்.

நகலெடுத்த கட்டளை: சொற்செயலிகள் இரண்டு கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடுவதுண்டு. அது விருப்பமாக அறியப்படாமல் கோப்புப் பெயராகப் போய்விடும். அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்த்து, இல்லையெனில் எந்தச் சொல் புரியவில்லை என்பதைக் குறிப்பிட்டு நிற்க வேண்டும்.

உதவிச் செய்தி: --உதவி என்று கேட்டால் எல்லா விருப்பங்களும் ஓர் எடுத்துக்காட்டு வரியும் தெரிய வேண்டும். ஸ்கிரிப்டை எழுதியவர் வேறு வேலைக்குச் சென்ற பிறகு, இரவு ஷிப்டில் அதை இயக்க வேண்டிய புதிய பயிற்சியாளருக்கு அந்தச் சில வரிகளே துணையாக இருக்கும்.